வெளிப்பூட்டு

11. படுதாவுக்கு இந்தப் பக்கம்

அண்ணனுடைய வண்டிக்குப் புதுப் படுதா வந்திருந்தது.

காலையில் வண்டியில் ஏறும்போதே குல்சும் பீவி அதைக் கவனித்துவிட்டாள். தார் வாசனை மூக்கில் ஏறியது. கிழிசல் இல்லை, ஒட்டுப் போட்ட இடம் இல்லை. யுத்தம் ஆரம்பித்ததிலிருந்து கெட்டித் துணியெல்லாம் பட்டாளத்துக்குப் போய்விடுகிறது. திண்டிவனத்தில் மண்ணெண்ணெய்க்கே வரிசையில் நின்று சண்டை போடுகிறார்கள். இந்த லட்சணத்தில் இப்படி முழுசாக ஒரு படுதா எங்கே கிடைக்கும்?

விழுப்புரத்தில் கிடைக்கும். ரயிலடிக்கு எதிரே கயிறும் படுதாவும் விற்கிற ஒரே ஒரு கடையில் கிடைக்கும்.

அந்தக் கடைக்காரனிடமிருந்து விடுதலை வாங்கத்தான் இன்றைக்கு அண்ணன் அவளைக் கூட்டிக்கொண்டு போகிறான்!

அந்தக் கடைக்காரன் அப்துல் கரீம், அவளுடைய புருஷன். குடிக்கமாட்டான், அடிக்கமாட்டான், ஐந்து வேளையும் தொழுவான். ஊரில் கேட்டால் தங்கமான மனுஷன் என்பார்கள். கடைக்குப் போகும்போது பெண்டாட்டியையும் குழந்தையையும் உள்ளே வைத்து வெளியில் பூட்டிக்கொண்டு போவான், அவ்வளவுதான். ராத்திரி வந்து திறந்ததும், தண்ணீர்ப் பானையில் எத்தனை தண்ணீர் குறைந்திருக்கிறது என்று பார்ப்பான். வேறு யாராவது வந்து குடித்திருப்பார்களோ என்று.

போன வருஷம் ஆடி மாதத்தில் ஒரு பகல், குழந்தை ஜொகரா விளையாட்டாகக் கதவை இழுத்தது. கதவு திறந்துகொண்டது! பூட்டு வாயைப் பிளந்தபடி நாதாங்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. திறந்தது யார் என்று குல்சும் நின்று விசாரிக்கவில்லை. குழந்தையை வாரிக்கொண்டு, டிக்கெட்கூட இல்லாமல் ரயிலேறித் திண்டிவனத்துக்கு அண்ணன் வீட்டுக்கு வந்தவள்தான். மறுபடி அந்த வாசலை மிதிக்கவில்லை.

"கோர்ட்டுல போட்டுடலாம்மா. புதுசா சட்டம் வந்திருக்கு. உங்க ஜாதிப் பொம்பளைங்களே பிராது குடுத்து விடுதலை வாங்கிக்கலாம்" என்று வக்கீல் சீனுவாசன் சொல்லியிருந்தார். அவள் சரியென்றுகூடச் சொல்லிவிட்டாள். அண்ணன் மொய்தீன் பிச்சைதான் குறுக்கே விழுந்தான்.

"கூண்டுல ஏத்திக் கண்டதையும் கேப்பாங்க குல்சு. கொழந்தையையும் இழுப்பாங்க. மார்க்கத்துல இன்னா சொல்லியிருக்கு? அவங்க பக்கம் ஒருத்தரு, நம்ம பக்கம் ஒருத்தரு ஒக்காந்து பேசிப் பாக்கணும்னுதானே? நம்ம பக்கம் நான் ஒக்கார்றேன். ஆவலைன்னா கோர்ட்டு எங்க ஓடிப்போவுது?"

அவள் ஒரே ஒரு நிபந்தனையின் மேல் ஒப்புக்கொண்டாள். விடுதலை தாமதமானாலும் பரவாயில்லை. ஜொகரா மறுபடி அந்தப் பூட்டுக்குள் போகக்கூடாது. ஒரு பொழுதுகூட.

இப்போது வண்டி திண்டிவனத்தைத் தாண்டி மயிலம் பாதையில் போய்க்கொண்டிருந்தது. கரியில் ஓடும் பஸ் ஒன்று புகையைக் கக்கிக்கொண்டு அவர்களைத் தாண்ட முடியாமல் பின்னாலேயே முக்கிக்கொண்டு வந்தது. ஜொகராவுக்கு அதைப் பார்த்து ஒரே சிரிப்பு.

"படுதா எங்க வாங்கினே அண்ணே?"

"விழுப்புரத்துல."

"எந்தக் கடையில?"

மொய்தீன் பிச்சை மாட்டை அதட்டினான். மாடு பாவம், ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. கேட்காவிட்டால் என்ன, மனசு சும்மா இருக்குமா? போன வாரம் விழுப்புரம் போய்வந்த அண்ணன் சிரித்த முகமாக வந்தானே, அது எதற்கு? 'எல்லாம் நல்லபடியா முடியும்' என்று அண்ணியிடம் சொன்னானே, யாருக்கு நல்லபடியாக?

கூட்டேரிப்பட்டில் சாலையோரம் அப்பாதுரையின் வேர்க்கடலை மண்டி, அந்தப் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை மண்டி. அப்பாதுரை இரண்டு பக்கத்துக்கும் வேண்டியவர். மொய்தீன் பிச்சையின் வண்டியில்தான் அவர் சரக்கு போகிறது, அப்துல் கரீமின் கயிற்றில்தான் மூட்டை கட்டுகிறார். யார் பக்கமும் சாயமாட்டார். சாய்ந்தால் வியாபாரம் போய்விடுமே! அதனால்தான் இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கும் அவருடைய கிடங்கைப் பேச்சுக்கு ஒழித்துக் கொடுத்திருந்தார்.

கிடங்கின் குறுக்கே கயிறு கட்டி ஒரு படுதாவைத் தொங்கவிட்டிருந்தார்கள். அந்தப் பக்கம் ஆண்கள். இந்தப் பக்கம் பெண்கள். இதுவும் புதுப் படுதா. அதே தார் வாசனை.

'இதுவும் அவர் கடைச் சரக்குதான். நான் உட்காரும் மறைப்பைக்கூட அவர்தான் கொண்டுவர வேண்டுமா?' என்று குல்சும் பல்லைக் கடித்தாள்.

இந்தப் பக்கம் கோணிமேல் ஏற்கனவே ஒருத்தி உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். அப்துல் கரீமின் அக்கா நஃபீசா பீவி. அவனுக்கு லாத்தா. புருஷனை இழந்தவள். விழுப்புரத்தில் தம்பிக்கு அடுத்த தெருவில் தனியாக இருக்கிறாள். தாய் சீக்கிரம் போய்விட்டதால் தம்பியை வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான். தம்பிக்காக உயிரைக் கொடுப்பாள் என்று பெயர். இடுப்பில் எப்போதும் ஒரு சாவிக்கொத்து.

குல்சுமுக்கு அந்தச் சாவிக்கொத்தைக் கண்டாலே ஆகாது.

"வா குல்சும். வெயில்ல வந்திருக்கியே. ஜொகராவ எங்கிட்ட குடு."

"இருக்கட்டும் மதினி. எங்கிட்டயே இருப்பா."

"அத்தே!" என்று குழந்தை அவள் மடியில் போய்த் தொப்பென்று விழுந்தது. நஃபீசா பீவி உரித்த பருப்பை ஒவ்வொன்றாக அதன் வாயில் போட்டாள். கண் மட்டும் குல்சுமின் முகத்தைவிட்டு நகரவில்லை.

'உளவு பார்க்க உட்கார வைத்திருக்கிறார்கள். பேச்சு முடிவதற்குள் குழந்தையை இவள் பக்கம் இழுத்துக்கொள்ளப் பார்க்கிறாள்' என்று நினைத்துக்கொண்டாள் குல்சும்.

அந்தப் பக்கம் பேச்சு ஆரம்பித்துவிட்டது. அப்துல் கரீமுக்காகப் பேச வந்திருந்தவர் அவனுடைய தாய்மாமன். பெயர் தம்பி சாயபு. கோட்டக்குப்பத்து மனுஷர், கடலுக்குக் கேட்கிற குரல்.

"கோர்ட்டு கோர்ட்டுன்றீங்களே, கோர்ட்டுன்னா இன்னா? நாம ரெண்டு பேரும் சேந்து ரெண்டு வக்கீலு வூட்டுக்கு மாடி கட்டித் தர்றது! அந்தப் பேஜாரே வேணாம். ஒக்காந்தமா, பேசினமா, எழுந்தமான்னு இருக்கணும். மொதல்ல கேக்கறேன். பொண்ணு திரும்ப வருமா? இனிமே பூட்டமாட்டான். நான் பொறுப்பு."

மொய்தீன் பிச்சை படுதாவுக்குப் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். "கேட்டியாம்மா?"

"மாட்டேன்" என்றாள் குல்சும், அவனுக்கு மட்டும் கேட்கும்படி.

"தங்கச்சி வரலைன்னுது."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. தம்பி சாயபுவினுடையதா, மற்றவனுடையதா என்று தெரியவில்லை. அப்துல் கரீம் வந்ததிலிருந்து வாய் திறக்கவில்லை. படுதாவின் கீழே அவனுடைய கால்கள் மட்டும் தெரிந்தன. பெருவிரல் தரையைச் சுரண்டிக்கொண்டிருந்தது. கணக்கில் ஏதோ உதைக்கிறது என்று தோன்றும்போதெல்லாம் அவன் அப்படித்தான் சுரண்டுவான்.

"சரி. வராத பொண்ண இழுத்துக்கினு வந்து குடும்பம் நடத்த முடியாது. விடுதலை குடுத்திடச் சொல்றேன். ஆனா கொழந்த அவனுக்கும்தான் கொழந்த. பாதி மாசம் ஆத்தாகிட்ட, பாதி மாசம் அத்தாகிட்ட. ரெண்டு பக்கத்துக்கும் ஞாயம். இன்னா சொல்றே மொய்தீனு?"

"எனக்கு ஞாயமாத்தான் படுது."

குல்சுமுக்குக் காது அடைத்துக்கொண்டது. ஞாயமாகப் படுகிறதா? பாதி மாதம் ஜொகரா அந்த வீட்டில்! வெளியில் பூட்டு, உள்ளே குழந்தை!

மொய்தீன் பிச்சை மறுபடி படுதாவருகே வந்தான். "குல்சு, கேட்டியா? சம்மதமா?"

அவளுக்குப் பேச வரவில்லை. அந்தப் படுதா, இந்தப் படுதா, அண்ணனின் சிரித்த முகம், எல்லாம் ஒன்றாய்ச் சேர்ந்து நின்றன. விற்றுவிட்டானா? கூடப் பிறந்தவனே விற்றுவிட்டானா?

இந்த இடத்தில் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். நிக்காஹின்போது பெண் திரைக்குள் இருப்பாள். சம்மதமா என்று போய்க் கேட்பார்கள். குமரிப் பெண் பளிச்சென்று பதில் சொன்னால் வெட்கம் கெட்டவள் என்பார்கள். அதனால் அவள் பேசாமல் இருந்தாலே சம்மதம் என்று சபையில் வந்து சொல்லிவிடுவார்கள். குல்சுமின் நிக்காஹிலும் அப்படித்தான் நடந்தது. தகப்பன் இல்லாததால் கேட்க வந்தவன் இதே அண்ணன். பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். அவன் சந்தோஷமாகத் திரும்பிப் போய்ச் சொன்னான்.

இன்றைக்கும் அந்தப் பழக்கம் அவனை விடவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். பதில் இல்லை. திரும்பினான்.

"தங்கச்சிக்குச் சம்மதம்" என்றான் சபையைப் பார்த்து.

"எனக்குச் சம்மதமில்ல!"

கிடங்கே கிடுகிடுத்தது. அது தன் குரல்தான் என்று குல்சுமுக்கே நம்ப முடியவில்லை. அப்பாதுரை வாசலில் எடை போட்டுக்கொண்டிருந்தவர், தராசை அப்படியே பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

"நீ ஒண்ணும் பேசலையேம்மா..." மொய்தீன் பிச்சை தடுமாறினான்.

"பேசலைன்னா சம்மதமா? அன்னிக்கும் நான் பேசலே. சம்மதம்னு நீயே போய்ச் சொன்னே. அதுக்கு நான் பட்டது போதும். இன்னிக்கு நான் பேசறேன். எம் பொண்ண அந்தப் பூட்டுக்குள்ள அனுப்பமாட்டேன். பாதி மாசமும் மாட்டேன், பாதி நாளும் மாட்டேன். ஒரு படுதாவுக்கு நீ வேணா என்னை வித்துடலாம் அண்ணே. அவள விக்க விடமாட்டேன்!"

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கவேண்டாமோ என்று தோன்றியது. சொல்லியாகிவிட்டது.

"படுதாவுக்கா?" அண்ணன் குரல் உடைந்தது. "படுதாவுக்கு உன்னை வித்தேனா? இன்னா பேச்சு பேசறே குல்சு? உன் விசயமாப் பேசணும்னு எத்தினி தபா அவன் கடை வாசல்ல போய் நின்னேன் தெரியுமா? மச்சானேன்னா மூஞ்சத் திருப்பிக்கிறான். கடைசியில படுதா வேணும்னு சொல்லிக்கினு உள்ள போனேன். வியாபாரம்னு வந்தா வெளியில போன்னு சொல்ல முடியாதில்ல? மொழம் போடச் சொல்லோ பேச்ச எடுத்தேன். காசு எண்ணி வச்சுட்டுத்தான் வந்தேன். கேளு, அவனையே கேளு!"

"நெசந்தான்" என்றது ஒரு மெல்லிய குரல். அப்துல் கரீம் அன்றைக்குப் பேசிய முதல் வார்த்தை.

குல்சும் முக்காட்டை இழுத்துக்கொண்டாள். வெட்கமாக இருந்தது. அந்த வீட்டிலிருந்து கிளம்பும்போது பாத்திரம் பண்டம் எதையும் அவள் எடுத்துக்கொண்டு வரவில்லை. சந்தேகத்தை மட்டும் ஒட்டவைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். அவன் தண்ணீர்ப் பானையைப் பார்த்ததற்கும் அவள் அண்ணன் வண்டியின் படுதாவைப் பார்த்ததற்கும் என்ன வித்தியாசம்? நினைக்கவே கசந்தது.

"மாமா, நான் பேசறேன்" என்றான் அப்துல் கரீம்.

"பேசு."

"கொழந்த அவகிட்டயே இருக்கட்டும். பாதி மாசமெல்லாம் வேணாம். நான் திண்டிவனம் போய், மச்சான் வூட்டுலயே பாத்துட்டு வர்றேன். விடுதலையும் குடுத்துடறேன். கோர்ட்டு வேணாம், வம்பு வேணாம்."

குல்சும் நிமிர்ந்தாள். காதில் விழுந்தது நிஜம்தானா? கேட்டதெல்லாம் கொடுக்கிறானே! இத்தனை சுலபமாகவா?

அவன் அப்படிக் கொடுக்கிறவன் இல்லையே.

"ஒண்ணே ஒண்ணு" என்றான் அவன். பெருவிரல் தரையைச் சுரண்டியது. "அன்னிக்கு என் பூட்டத் தொறந்தது யாரு? அத மட்டும் சொல்லிடட்டும். நான் தூங்கி ஒரு வருசம் ஆச்சு மாமா. பேரச் சொல்லிட்டா, இங்கயே, இப்பவே முடிச்சுடறேன்."

"எனக்குத் தெரியாது" என்றாள் குல்சும்.

"தெரியாதா? பூட்டு தானா தொறந்துக்கிச்சா?"

"அல்லா அறிய எனக்குத் தெரியாது."

"அதுக்கு சாவி ரெண்டுதான் மாமா. ஒண்ணு என் அரைஞாண்ல கெடக்கு. இன்னொண்ணு லாத்தாகிட்ட. லாத்தா எனக்குத் தாய் மாதிரி, அவளப் பத்திப் பேச்சே இல்ல. அப்ப கள்ளச்சாவி. கள்ளச்சாவி போட்டவன் யாரு? அவன் பேரு எனக்குத் தெரியணும்."

போட்டவன். அவன்.

ஒரு வருஷமாக அவன் மனசில் ஒரு ஆண்பிள்ளையை உருவாக்கி, வீட்டு வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறான் என்பது குல்சுமுக்கு அப்போதுதான் புரிந்தது. உடம்பெல்லாம் எரிந்தது.

கூடவே ஒரு பொல்லாத யோசனையும் வந்தது. ஒரு பேர்தானே வேண்டும்? தெருவுக்குத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிக்கொண்டிருந்த பொன்னி, போன கார்த்திகையில் செத்துப் போனாள். 'பொன்னிதான் திறந்தாள், பரிதாபப்பட்டுத் திறந்தாள்' என்று சொன்னால் தீர்ந்தது. செத்தவளை இவன் என்ன செய்துவிடுவான்? விடுதலை! ஜொகராவுக்கும் விடுதலை!

பேர் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

ஆனால் பொன்னிக்கு ஒரு மகன் இருக்கிறான். விழுப்புரம் ரயிலடியில் மூட்டை தூக்குகிறான். நாளைக்கே அவன் கழுத்தில் இவன் துண்டைப் போடமாட்டானா? 'கள்ளச்சாவி உன் ஆத்தாளுக்கு யார் கொடுத்தது, நீயா?' என்று கேட்கமாட்டானா? சேரியில் இருப்பவன் பேச்சை எந்தப் பஞ்சாயத்து கேட்கும்?

நாக்கைக் கடித்து அந்தப் பேரை உள்ளே தள்ளினாள்.

"தெரியாதுன்னா தெரியாதுதான். தெரிஞ்சிருந்தா அவங்க கால்ல விழுந்து கும்புட்டிருப்பேன்."

"அப்ப நானும் விடுதலை வார்த்தைய விடமாட்டேன். கோர்ட்டுக்கே போவட்டும். கூண்டுல ஏறிச் சொல்லட்டும். அங்க வக்கீல விட்டுக் கேக்கறேன், அவன் யாருன்னு!"

"டேய் கரீமு!" என்று தம்பி சாயபு அதட்டினார்.

"போதும்" என்றான் மொய்தீன் பிச்சை. மூட்டை சரியும் சத்தம். எழுந்துவிட்டான். "எந் தங்கச்சியப் பத்தி இந்த வார்த்த கேட்ட பொறவு இங்க இன்னா பேச்சு? கெளம்பு குல்சு. சீனுவாச ஐயரு சொன்னதுதான் சரி."

முடிந்துபோயிற்று. இத்தனை கிட்டத்தில் வந்து நழுவிவிட்டது. இனி கூண்டு, வக்கீல், ஊர் வாய். வக்கீல் வாயில் அந்த 'அவன்' கிடந்து புரளும். அப்படிப்பட்ட தாயிடம் குழந்தையை விடலாமா என்று யாராவது எழுந்து கேட்பார்கள். குல்சுமுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. குழந்தையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள்.

ஜொகரா அத்தையின் மடியிலேயே தூங்கிப்போயிருந்தாள். நஃபீசா பீவி குழந்தையை மெதுவாகத் தூக்கிக் குல்சுமின் தோளில் சாய்த்தாள். மல்லாட்டைத் தோலைப் புடவையிலிருந்து உதறினாள். பிறகு இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை உருவி எடுத்தாள்.

கொத்திலிருந்து ஒரே ஒரு சாவியைக் கழற்றி, குனிந்து, படுதாவுக்கு அடியில் அந்தப் பக்கம் தள்ளினாள். அது போய் அப்துல் கரீமின் கால்விரலில் முட்டி நின்றது.

"கள்ளச்சாவி இல்ல கரீமு. நல்ல சாவிதான். நான்தான் தொறந்தேன்."

குல்சும் திரும்பி அவளைப் பார்த்தாள். இந்த மதினியா? உளவு பார்க்க வந்தவள் என்று வந்ததிலிருந்து கறுவிக்கொண்டிருந்தோமே, இவளா?

"லாத்தா..." அப்துல் கரீமின் குரல் அவனுடையது மாதிரியே இல்லை. "நீயா? எதுக்கு? எனக்கு நீயா இத செஞ்சே?"

"அந்தத் தெரு வழியா வந்துக்கினு இருந்தேன். கொழந்த சன்னல் கம்பியப் புடிச்சுக்கினு நின்னுச்சு. அழுவக்கூட இல்ல. சும்மா தெருவப் பாத்துக்கினு நின்னுச்சு." நஃபீசா பீவி படுதாவைப் பார்த்தே பேசினாள். "நம்ம அம்மாவ அத்தா பூட்டிக்கினு போவாரே, ஞாபகம் இருக்குதா உனக்கு? நான் ஓதப் போயிட்டு வருவேன். நீ உள்ள சன்னலண்ட நிப்பே. இதே மாதிரி. 'லாத்தா தொற, லாத்தா தொற'ன்னுவே. நான் வெளியில நின்னு உன் கையப் புடிச்சுக்கினு அழுவேன்."

சாவிக்கொத்தை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அன்னிக்கு எங்கிட்ட சாவி இல்ல கரீமு."

தம்பி சாயபு தொண்டையைக் கனைத்தார். மொய்தீன் பிச்சை எழுந்தவன் எழுந்தபடியே நின்றான்.

குல்சும் நஃபீசா பீவியின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். அது சில்லென்று இருந்தது.

படுதாவுக்குக் கீழே அந்தக் கால்கள் அசைந்தன. சாவியைத் தாண்டி ஒரு அடி வைத்தன. இன்னொரு அடி. நேரே இவர்களை நோக்கி.

"கரீமு, நில்லு! பொம்பளைங்க இருக்காங்க!" என்றார் தம்பி சாயபு.

அவன் நிற்கவில்லை. படுதாவின் ஓரத்தை ஒரு கை வந்து பற்றியது. எதற்காக வருகிறான் என்று குல்சுமுக்குத் தெரியவில்லை. தூங்குகிற குழந்தையை இறுக்கிக்கொண்டு பின்வாங்கினாள். நஃபீசா பீவி மட்டும் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை.